நாலு சொல்லுக்கு ஜலதோஷம்

அத்தியாயம் ஆறு

காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு குற்றவாளியைப் பின்தொடர்ந்தேன்.

கல்லூரியின் ஒலிப்பதிவு அறையில் வேலை பார்ப்பவர். அரை நாள் விடுப்பு எடுத்திருந்தார். பார்வை அலைந்தது. சட்டைப் பையை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார். இரண்டு பஸ் மாறினார், நானும் மாறினேன். ஒரு மாடிப்படியில் ஏறினார், நானும் ஏறினேன். மேலே பல் ஆஸ்பத்திரி.

சந்தேகம் வரக் கூடாதென்று வரிசையில் உட்கார்ந்தேன். நர்ஸ் பெயர் கேட்டார். பொய்ப் பெயர் சொன்னேன். அந்தப் பெயரை உரக்கக் கூப்பிட்டபோது எழுந்து போகாமலிருக்க வழி தெரியவில்லை. நாற்காலியில் சாய்த்தார்கள். ஊசி போட்டார்கள். கடைவாய்ப் பல் ஒன்றைக் குடைந்து அடைத்தார்கள். வெளியே வந்தபோது குற்றவாளி போய்விட்டிருந்தார். அவர் பையில் இருந்தது அவருடைய அம்மாவின் பல்செட் என்று நர்ஸ் சொன்னார். மெல்லும்போது ஆடுகிறதாம்.

இதுதான் என் துப்பறியும் முறை. அலுவலகப் பலகையில் இதை எழுதி வைக்கவில்லை.

கல்லூரி வாசலில் அத்தை காத்திருந்தார். அத்தை என்றால் என் மாமியார். முப்பத்தோரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகள், அதாவது என் மனைவி, இறந்தபோது நாலு நாள் துணைக்கு இருக்கிறேன் என்று வந்தார். பதினான்கு மாதம் ஆகிறது. யாருக்கு யார் துணை என்பது இன்னும் முடிவாகவில்லை. இடையில் என் உதவியாளராகவும் ஆகிவிட்டார். விண்ணப்பம் எதுவும் போடவில்லை.

"என்ன மாப்பிள்ளை, வாய் ஒரு பக்கம் போகுது, நீங்க ஒரு பக்கம் வர்றீங்க?"

"ஃபல்லு," என்றேன்.

"எது?"

"ஃபல்லு அடைச்சாங்க."

"வழக்குல ஓட்டை எங்கன்னு கண்டுபிடிக்கத்தானே போனீங்க? சொந்த ஓட்டையை அடைச்சிட்டு வந்து நிக்கிறீங்களே!"

கீழுதட்டில் இடது பாதி என்னுடையதாக இல்லை. அதைத் தொட்டுப் பார்த்தேன். வேறு யாருடைய உதட்டையோ தொட்டதுபோல் இருந்தது.

"ஆளு?" என்றார்.

"நிரஃபராதி."

"அதை நான் நேத்தே சொன்னேன். அம்மாகிட்ட தினம் ரெண்டு தடவை போன்ல பேசுற பையன். குரலைக் கேட்டாலே தெரியும். சரி வாங்க. மணி ஒண்ணேகால். நாலு மணிக்கு விசாரணை."

வழக்கு சின்னது. நாலே சொல்.

எங்கள் கட்சிக்காரர் இந்தக் கல்லூரியில் பேச்சொலிகளைப் பற்றி அறிமுகப் பாடம் நடத்துகிற டீச்சர். மனிதன் வாயைத் திறந்தால் ஒலி எப்படிப் பிறக்கிறது, எங்கே பிறக்கிறது என்று பதினோரு வருடமாக முதலாண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். போன மாதம் கல்லூரியில் ஒரு கேள்வித்தாள் முன்கூட்டியே வெளியானது. மூன்று நாளுக்கு முன் முதல்வருக்கு யாரோ ஓர் ஒலிப்பதிவு அனுப்பினார்கள். டீச்சருடைய குரல். "கேள்வித்தாள வெளிய குடுத்தது நாந்தான்."

அவ்வளவுதான். நாலு மணிக்குள் அது பொய் என்று காட்டாவிட்டால் டீச்சர் இனி எந்த வகுப்பறையிலும் சாக்பீஸ் பிடிக்க முடியாது. வேலையிலிருந்து நீக்குவதற்கு முன் தானே விலகிவிடலாம் என்று ராஜினாமாக் கடிதம் எழுதிப் பையில் வைத்திருந்தார்.

எங்கள் அலுவலகம் ஒரு சலவைக் கடையின் மாடியில் இருக்கிறது. துணி போட வந்த டீச்சர் கவுண்ட்டரில் நின்று அழுததைப் பார்த்துக் கடைக்காரர், "மாடியில ஒருத்தர் சும்மாதான் இருக்காரு, போய்ப் பாருங்க" என்று அனுப்பிவைத்தார். எனக்குக் கிடைத்த சிபாரிசுகளில் அதுதான் சிறந்தது.

முதல் நாள் டீச்சர் எங்களிடம் சொன்னது இவ்வளவுதான்: "நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனா அது என் குரல். சந்தேகமே இல்லை, என் குரல்தான்."

"உங்கமேல யாருக்காவது கோபமா?" என்று அத்தை கேட்டிருந்தார்.

"எங்க ஹெச்.ஓ.டி. ஒரு புத்தகம் எழுதியிருக்கார். அடுத்த மாசம் வருது. அதுல பாதிக்கு மேல என்னோட வகுப்புக் குறிப்பு. பத்து மாசம் முன்னாடி பிரின்சிபாலுக்கு ஒரு லெட்டர் குடுத்தேன். பாக்கிறேன்னார். அவரும் பாக்கல, நானும் கேக்கல."

இந்தத் தகவலைக் கையில் வைத்துக்கொண்டுதான் நான் பல்செட்டைப் பின்தொடர்ந்தேன்.

முதல்வரின் உதவியாளர் எங்களை ஒரு சின்ன அறையில் உட்காரவைத்தார். மூன்று தடவை கேட்க அனுமதி. நகல் கிடையாது. வெளியே யாரிடமும் அந்த நாலு சொல்லைச் சொல்லக் கூடாது. கல்லூரியில் முதல்வர், விசாரணைக் குழு, துறைத்தலைவர் தவிர யாருக்கும் அந்த வாக்கியம் தெரியாதாம்.

கணினியில் ஓடவிட்டார். அத்தை கண்ணை மூடிக்கொண்டார். முப்பத்தோரு வருடம் முகத்தைப் பார்க்காமல் ஆட்களோடு பேசியவர்.

"கேள்வித்தாள வெளிய குடுத்தது நாந்தான்."

"மறுபடி போடுங்க தம்பி."

இரண்டாவது தடவை. மூன்றாவது தடவை.

"என்ன அத்தை?"

"வாலு மூக்குல போகுது."

"எந்த வாலு?"

"ஒவ்வொரு சொல்லோட வாலும். கேள்வித்தாள... அந்தக் கடைசி 'ள' இருக்கு பாருங்க, வாயில ஆரம்பிச்சு மூக்குல முடியுது. வெளிய, அதுவும் அப்படித்தான். மூக்கால பேசுறவங்க எத்தனையோ பேருக்கு லைன் குடுத்திருக்கேன் மாப்பிள்ளை. அவங்க தலையில இருந்து கால் வரைக்கும் மூக்காலதான் பேசுவாங்க. வாலுக்கு மட்டும் மூக்கைத் திறக்கிற ஆளை நான் பார்த்ததே இல்லை."

உதவியாளர் ஒரு தாளை நீட்டினார். நிபுணர் அறிக்கை. எழுதியவர் துறைத்தலைவர், டீச்சர் சொன்ன அதே ஹெச்.ஓ.டி. இந்தக் கல்லூரியில் பேச்சொலிக்கு அவரைவிடப் பெரிய நிபுணர் இல்லை. உரக்கப் படித்தேன். அறிக்கையில் ப நிறைய இருந்தது. நாலாவது வரியில் அத்தை தாளை வாங்கிக்கொண்டார்.

"'பதிவில் ஆங்காங்கே மூக்கொலிச் சாயல் காணப்படுகிறது. பதிவின் தேதி பன்னிரண்டு. அன்று அம்மையார் கடும் ஜலதோஷத்துக்காக விடுப்பில் இருந்ததை மருத்துவர் சீட்டு உறுதி செய்கிறது. எனவே இச்சாயல் இயற்கையானதே. குரல் அவருடையதே. பதிவு உண்மையானதே.'"

தாளை மேஜைமேல் வைத்தார். "ஜலதோஷமாம்."

நான் தலையாட்டினேன். ஜலதோஷம் வந்தால் மூக்கால் பேசுவோம். உலகத்துக்கே தெரியும். இருந்த ஒரே துப்பும் தும்மலோடு போனது.

"இப்ப என்ன பண்றது?" என்றார் அத்தை.

"ரெண்டு மணிக்கு டீச்சருக்கு வகுஃபு இருக்கு."

"போய் உக்காருவோம். ஏஸியாவது இருக்கும்."

ஏஸி இல்லை. நீள அறை, அறுபது பிள்ளைகள், கரும்பலகையில் பக்கவாட்டில் வெட்டிய ஒரு தலை. மூக்குக் குழாய், வாய்க் குழாய், நாக்கு, தொண்டை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். டீச்சர் எங்களைப் பார்த்தார். முகம் மாறவில்லை. அவருடைய பை மேஜைமேல் இருந்தது. ராஜினாமாக் கடிதத்தின் ஒரு மூலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"காத்து நுரையீரல்ல இருந்து கிளம்புது," என்றார். "தொண்டையில முதல் கதவு. கழுத்துல கை வைங்க. 'ஸ்ஸ்' சொல்லுங்க. அதிருதா? இல்லை. 'ஆ' சொல்லுங்க. அதிருதா? அதிரும். அடுத்தது உதடு. ரெண்டும் மூடித் திறந்தா ப. கடைசி பெஞ்சுல புதுசா வந்திருக்கிற சார், நீங்க பல்லுன்னு சொல்லுங்க."

"ஃபல்லு," என்றேன்.

அறுபது தலைகள் திரும்பின.

"பாத்தீங்களா? உதடு மூடலைன்னா ப வராது. காத்துதான் வரும். நன்றி சார்."

பதினேழு வருடம் படித்திருக்கிறேன். ஒரு வகுப்பில் நான் பயன்பட்டது இதுதான் முதல் தடவை.

"உள்நாக்கு தொங்குற இடத்துல இன்னொரு கதவு இருக்கு. மெத்துன்னு இருக்கும். அது மேல ஏறி நின்னா மூக்கு வழி அடைபடும். கீழ இறங்கினா காத்து மூக்கு வழியா போகும். அப்பதான் ம, ந, ன எல்லாம் வரும். எல்லாரும் மூக்கை இறுக்கிப் பிடிங்க. அம்மான்னு சொல்லுங்க."

அறுபது பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு அம்மா என்றார்கள். அறை முழுக்க அப்பா என்று கேட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். அத்தை பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்.

"ஜலதோஷத்துல நடக்கிறது இதுதான்," என்றார் டீச்சர். "மூக்கால பேசுறான்னு சொல்றோம். தப்பு. மூக்கு அடைஞ்சிருக்கு, அதனால மூக்குல போக வேண்டியதும் போக முடியல. ஜலதோஷக்காரன் மூக்கால பேசுறதில்லை. மூக்கு இல்லாம பேசுறான்."

அத்தை சிரிப்பை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"அப்ப அந்த அறிக்கை?" என்று கிசுகிசுத்தார்.

"தலைகீழ்," என்றேன். அந்தச் சொல்லில் ப இல்லாததால் கம்பீரமாக வந்தது.

டீச்சர் தொடர்ந்தார். "சின்னக் கண்ணாடி இருந்தா எடுத்து மூக்குக்குக் கீழ படுக்க வைங்க. மூச்சை நிறுத்திட்டு 'ஆ' சொல்லுங்க. கண்ணாடியில பனி படியாது. இப்ப 'ஆன்' சொல்லுங்க. படியும். கவனிங்க, 'ன்' வர்றதுக்கு முன்னாடியே, 'ஆ' முடியும்போதே படிய ஆரம்பிக்கும். ஏன்? வாய் ரொம்ப முன்ஜாக்கிரதை. அடுத்து என்ன ஒலி வரப்போகுதுன்னு அதுக்குத் தெரியும். முன்னாடியே கதவைத் திறந்து வெச்சுடும்."

அத்தை கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். வட்டமானது, பின்பக்கம் நீல பிளாஸ்டிக்.

அந்தக் கண்ணாடியை எனக்குத் தெரியும். பதினான்கு மாதத்துக்கு முன், விடிந்து கொஞ்ச நேரத்தில், அத்தை அதை அவருடைய மகளின் மூக்குக்குக் கீழே பிடித்தார். நான் ஜன்னல் திரையை விலக்கி வெளிச்சம் காட்டினேன். கண்ணாடி சுத்தமாகவே இருந்தது.

இப்போது தன் மூக்குக்குக் கீழே வைத்தார். 'ஆன்' என்றார். பனி படிந்தது. முந்தானையால் துடைத்தார். "டீச்சர் சொல்றது சரிதான்," என்றார், எங்கோ பார்த்துக்கொண்டு.

மணி அடித்து வகுப்பு கலைந்ததும் மேஜைக்கு ஓடினோம். நான் வாயைத் திறந்தேன். அத்தை கையமர்த்தினார்.

"டீச்சர், அந்தப் பதிவை எத்தனை தடவை கேட்டீங்க?"

"ஒரே தடவை. பிரின்சிபால் ரூம்ல, அவர் போன்ல. அதுக்குமேல கேக்க முடியல. காது அடைச்சுப்போச்சு."

"அதுல உங்க சொல்லு ஒவ்வொண்ணும் மூக்குல முடியுது. கேள்வித்தாள... வெளிய... அப்படி. உங்க ஹெச்.ஓ.டி. அதை ஜலதோஷம்னு எழுதியிருக்கார்."

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார். "யாரு? அவரா எழுதினார்?"

"கையெழுத்தோட."

"கேள்வித்தாளவுக்கு அடுத்து வெ வருது. வெளியவுக்கு அடுத்து கு. ரெண்டுக்கும் மூக்கு வேண்டியதே இல்லை. குடுத்ததுக்கு அடுத்து நா வருது, அதை விட்டுடலாம். முதல் ரெண்டுக்கும்..." நிறுத்தினார். கண் கரும்பலகையில் இருந்த தலைக்குப் போயிற்று. "அதுக்குப் பின்னாடி வேற என்னமோ இருந்திருக்கு. ன் மாதிரி ஏதோ. அதை வெட்டிட்டாங்க. ஆனா கதவு முன்னாடியே திறந்துடுச்சே, அதை வெட்ட முடியாது."

"எல்லாச் சொல்லுக்கு ஃபின்னாடியும் ன் வர்ற மாதிரி யாராவது ஃபேசுவாங்களா?" என்று கேட்டேன்.

"பேச மாட்டாங்க," என்றார் டீச்சர். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்தார். "படிப்பாங்க. நான் படிச்சிருக்கேன். எட்டு மாசம் முன்னாடி, அவரோட புத்தகத்துக்கு ஒலிப்பதிவு வேணும்னார். ஹெச்.ஓ.டி. கேட்டா மாட்டேன்னு சொல்ல முடியுமா? இருநூத்துச் சொச்சம் சொல்லு. எங்க வழக்கத்துல சொல்லை வெறுமனே படிக்கக் கூடாது. படிச்சா குரல் ஒரு சொல்லுல ஏறும், இன்னொண்ணுல இறங்கும். எல்லாத்தையும் ஒரே வாக்கியத்துல உக்கார வெச்சுப் படிக்கணும். 'இப்ப பல்லுன்னு சொல்லு. இப்ப பாலுன்னு சொல்லு. இப்ப கல்லுன்னு சொல்லு.' சொல்லைத் தூக்கிட்டுப் போற வாக்கியம். பதிவறையில அதைப் பல்லக்குன்னு கூப்பிடுவாங்க."

"ன்னு சொல்லு," என்றார் அத்தை மெதுவாக. "வாலுல மூக்கு."

"பல்லக்குல இருந்து ஆளை இறக்கிட்டாங்க," என்றார் டீச்சர். "தூக்கினவன் விரல் இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு."

"கேள்வித்தாளன்னு ஒரு சொல்லு படிச்ச ஞாபகம் இருக்கா?"

"இருநூறு சொல்லு படிச்சா எது படிச்சோம்னு தெரியாதுங்க. பல் விளக்குற மாதிரி. எத்தனை தடவை தேய்ச்சோம்னு யார் எண்ணுவாங்க?"

மணி மூன்று.

பதிவறை இரண்டாவது மாடியில். சுவரெல்லாம் முட்டை அட்டை மாதிரி நுரைத் தகடு. உள்ளே போனால் நம் குரலே நம்மை விட்டு ஓடுகிறது. காலையில் நான் தொலைத்த குற்றவாளி ஹெட்போனைக் கழற்றினார்.

"சார்! பல் ஆஸ்பத்திரியில பாத்தேனே. வலி எப்படி இருக்கு?"

மூன்று மணி நேரம் மறைந்து மறைந்து பின்தொடர்ந்தவன் நான்.

மானத்தைக் காப்பாற்ற ஒரே வழி தாக்குவது. விரலை நீட்டினேன். "ஃபதிவை வெட்டினது நீங்கதானே?"

"எதை சார்?"

"உக்காருங்க மாப்பிள்ளை," என்றார் அத்தை. "தம்பி, எட்டு மாசம் முன்னாடி டீச்சர் படிச்சாங்களே, அந்தச் சொல்பட்டியல் இருக்கா?"

அவர் அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்தார். தட்டச்சு செய்த பட்டியல். பல், பால், கல், கால், மணி, பணி. ஒன்றிலிருந்து இருநூற்றுப் பதினாறு வரை. அதற்குக் கீழே நீல மையில், கையால் எழுதிய நாலு வரி.

217. கேள்வித்தாள
218. வெளிய
219. குடுத்தது
220. நாந்தான்

வாக்குமூலம் எட்டு மாதத்துக்கு முன்பே தயார், கேள்வித்தாள்தான் போன மாதம் வெளியே போனது.

"பல், பால், கல், காலுக்கு நடுவுல இதுங்க என்ன பண்ணுது?" என்றார் அத்தை. "கல்யாண போட்டோவுல யாருக்குமே தெரியாத ஆளு மாதிரி நிக்குதே. யார் கையெழுத்து தம்பி?"

"ஹெச்.ஓ.டி. சாரோடது. அன்னிக்கு நேர்ல வந்திருந்தார். இன்னும் நாலு இருக்குன்னு எழுதிக் குடுத்தார். மேடம் களைச்சிருந்தாங்க. நான்தான் சொன்னேன், சார், இந்த நாலை நேரா படிக்கச் சொல்லிடலாம், பல்லக்கு வேண்டாம்னு. ஒத்துக்கல. 'முறைன்னு ஒண்ணு இருக்குப்பா'ன்னார்."

நான் இன்னும் நீட்டியிருந்த விரலை மடக்கிக்கொண்டேன்.

நேராகப் படிக்க விட்டிருந்தால் வாலில் மூக்கு இருந்திருக்காது. யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. திருட்டையும் பாடத்திட்டப்படி செய்தார். பாவம், நல்ல ஆசிரியர்.

"அந்தப் பதிவுகளைக் காட்டுங்க," என்றார் டீச்சர்.

கணினியில் தேடினார். இருநூற்றுப் பதினாறு வரை இருந்தது. அப்புறம் இல்லை. "சார் போன வாரம் டிஸ்க்கை வாங்கிட்டுப் போய் ரெண்டு நாள்ல திருப்பிக் குடுத்தார். ஏன் மேடம்? அந்த நாலுல என்ன இருக்கு?"

யாரும் அவருக்குப் பதில் சொல்லவில்லை. ரகசியம் காப்பதாக உதவியாளரிடம் சொல்லியிருந்தோம்.

நாலு மணிக்கு நீண்ட மேஜை. முதல்வர் நடுவில். இரு பக்கமும் குழுவினர் இரண்டு பேர். ஓரத்தில் துறைத்தலைவர், ஒழுங்காக வாரிய தலை, ஒழுங்காக மடித்த கை. டீச்சர் எதிரே உட்கார்ந்து கடிதத்தை மேஜைமேல் வைத்தார். சொல்பட்டியலை நான் எடுத்து வைத்தேன்.

"கண்டுபிடிச்சீங்களா?" என்றார் முதல்வர்.

எழுந்து நின்றேன். துப்பறிகிறவன் வாழ்க்கையில் இப்படி ஒரு தருணத்துக்காகத்தான் காத்திருக்கிறான். "ஃபதிவு, ஃபல்லக்குல இருந்து ஃபிரிச்சு..."

"என்ன சொல்றார்?"

"வாய் மரத்திருக்கு சார்," என்றார் அத்தை. "மத்தபடி புத்திசாலி. அப்படித்தான் நம்பிக்கிட்டிருக்கோம்." பிறகு அவரே சொன்னார். வால், மூக்கு, பல்லக்கு, நீல மை, காணாமல் போன நாலு. எக்ஸ்சேஞ்சில் வெளியூர் இணைப்புக் கொடுப்பதுபோல், ஒன்றன்பின் ஒன்றாக, தெளிவாக.

துறைத்தலைவர் அசையவில்லை. எங்கள்மேல் பரிதாபப்பட்டதுபோல் புன்னகைத்தார்.

"நான் பட்டியல் எழுதினேன். ஆமா. கேள்வித்தாள் ஆசிரியர்கள் வாயில தினம் வர்ற சொல். பாடத்துக்கு வேணும். கோப்பு அழிஞ்சிருக்கலாம், டிஸ்க் பழசு. மூக்கைப் பத்தி நான் அறிக்கையிலயே எழுதிட்டேனே சார். ஜலதோஷம். அன்னிக்கு இவங்க லீவ் லெட்டர் இருக்கு, டாக்டர் சீட்டு இருக்கு. வாலாவது, பல்லக்காவது. இவங்க டெலிபோன் ஆபரேட்டர். இவர் பல் வைத்தியத்துக்குப் போயிட்டு வந்தவர்."

குழுவினரில் ஒருவர் சிரித்தார். முதல்வர் தயங்கினார். பேனாவை எடுத்தார். "நிபுணர்னு பாத்தா அவர்தான்," என்றார், எங்களிடம் மன்னிப்புக் கேட்பதுபோல. கை டீச்சரின் கடிதத்தை நோக்கி நகர்ந்தது.

டீச்சர் அதன்மேல் தன் கையை வைத்தார்.

"சார், ஒரு நிமிஷம் மூக்கைப் பிடிச்சுக்குங்க."

"என்னது?"

"மூக்கை. இறுக்கமா. நாந்தான்னு சொல்லுங்க."

பதினோரு வருடம் வகுப்பெடுத்த குரல் அது. முதல்வர் மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார். தாத்தா மாதிரி ஏதோ வந்தது. கையை எடுத்து, மூக்கைத் தடவி, மறுபடி பிடித்துச் சொன்னார். மறுபடியும் தாத்தா.

"பன்னெண்டாம் தேதி எனக்குக் கடும் ஜலதோஷம்," என்றார் டீச்சர். "சாரே எழுதியிருக்கார், டாக்டர் சீட்டு இருக்குன்னு. அன்னிக்கு நான் அதைச் சொல்லியிருந்தா இப்படித்தான் வந்திருக்கும். பதிவுல நாந்தான் எப்படி வருது? கணீர்னு வருது. அது ஜலதோஷக்காரி குரல் இல்லை."

முதல்வர் பேனாவை மூடினார்.

டீச்சர் துறைத்தலைவர் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "ஜலதோஷம் மூக்கை அடைக்கும்கிறது முதல் வாரப் பாடம் சார். உங்க புத்தகத்துல முதல் அத்தியாயத்துலயே இருக்கு. இது தெரிஞ்சும் அறிக்கையில அப்படி எழுதினீங்கன்னா, அது பொய். தெரியாமத்தான் எழுதினீங்கன்னா, அந்த முதல் அத்தியாயத்தை எழுதினது நீங்க இல்லை. ரெண்டுல எது சார்?"

துறைத்தலைவர் வாயைத் திறந்தார். நுரையீரலிலிருந்து காற்று கிளம்பியதைப் பார்த்தேன். தொண்டைக் கதவு வரை வந்திருக்கும். ஒலி எதுவும் பிறக்கவில்லை.

"நீங்க இங்கேயே இருங்க," என்றார் முதல்வர் அவரிடம். பிறகு கடிதத்தை டீச்சர் பக்கம் தள்ளினார். "இதை நான் பாக்கல. நீங்க பத்து மாசம் முன்னாடி ஒண்ணு குடுத்தீங்களே, அதைத் தேடச் சொல்றேன்."

வராந்தாவில் டீச்சர் கடிதத்தை நாலாக மடித்துப் பையின் அடியில் போட்டார். என்னிடம் வந்தார்.

"நாளைக்கு முதல் மணி, உதட்டுல பிறக்கிற ஒலிகள். நீங்க வந்தா எனக்கு உபயோகமா இருக்கும்."

"வாய் சரியாயிடுமே மேடம்," என்றார் அத்தை.

"அப்ப வேண்டாம்."

பஸ் நிறுத்தத்தில் நாங்கள் இருவர் மட்டும். வெயில் சாய்ந்திருந்தது. அத்தை அரை மணி நேரமாக வெற்றியைப் பற்றிப் பேசினார், பெரும்பாலும் தன் வெற்றியைப் பற்றி. நான் தாடையில் கை வைத்திருந்தேன். இடது பக்கம் ஏதோ ஊர்ந்தது.

"பஸ் வருது," என்றேன்.

அத்தை பேச்சை நிறுத்தினார். "உங்க ப வந்துடுச்சு மாப்பிள்ளை."

உதட்டை அழுத்திப் பார்த்தேன். முழு உதடும் என்னுடையது. அடைத்த பல்லுக்கு அடியிலிருந்து, மெதுவாக, எங்கோ தொலைவிலிருந்து நடந்து வருவதுபோல், அது வந்துகொண்டிருந்தது.

பஸ் வந்து நின்றது. எங்களுடையது இல்லை. போயிற்று.

அத்தை கைப்பையைத் திறந்தார். நீலக் கண்ணாடியை எடுத்து என் மூக்குக்குக் கீழே பிடித்தார். விளையாட்டுக்குத்தான் செய்தார் என்று நினைக்கிறேன். முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஏதாவது சொல்லுங்க."

"என்ன சொல்ல?"

"என்னமோ ஒண்ணு."

யோசித்தேன். வாயில் இருந்தது ஒன்றுதான்.

"வலிக்குது, அத்தை."

"ம்," என்றார். கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தார். வட்டம் முழுவதும் வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு துடைக்காமலே பைக்குள் வைத்து மூடினார்.